எண் சாண் உடம்பும் ஒரு சாண் தலையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஸ்காட்ஸ்டேல் என்ற ஊரில் ஆல்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. இறந்தவர்களைத் திரவ நைட்ரஜனுக்குள், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் வைத்துப் பாதுகாப்பது அதன் வேலை. அவர்களைக் கொன்ற நோயையும், முதுமையையும், குளிர்வித்ததால் ஏற்பட்ட சேதத்தையும் சேர்த்துச் சரிசெய்கிற மருத்துவம் என்றாவது வரும் என்ற நம்பிக்கைதான் அஸ்திவாரம். இதற்குப் பெயர் கிரையோனிக்ஸ். அங்கே உறுப்பினராகச் சேர்பவர் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், முழு உடலா, தலை மட்டுமா என்பது.

சமீப வருடங்களில் அவர்கள் அறிவித்திருக்கும் கட்டணம் முழு உடலுக்கு 2,20,000 டாலர், தலைக்கு 80,000 டாலர். நம் கணக்கில் தலைக்குக் கிட்டத்தட்ட எழுபது லட்சம், முழுசாக என்றால் ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல். பெரும்பாலானவர்கள் கையிலிருந்து எடுத்துக் கட்டுவதில்லை. இளம் வயதிலேயே ஓர் ஆயுள் காப்பீடு எடுத்து, பணம் போய்ச்சேரும் இடமாக நிறுவனத்தின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். மிச்சிகனில் 1976இல் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 28,000 டாலருக்கே முழு உடலை வைத்துக்கொள்கிறது, தலை மட்டும் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆக ஒரு நிறுவனத்தின் தலை இன்னொரு நிறுவனத்தின் முழு உடம்பைவிட விலை அதிகம். குளிர்விக்கும் முறை, ஆட்கள், நிதி ஒதுக்கீடு எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு, அதற்குள் போக வேண்டாம்.

என்னோடு பொறியியல் படித்த நண்பன் ஒருவன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். வயது முப்பத்தாறு, நல்ல ஆரோக்கியம், ஏழு வயதில் ஒரு மகள். இந்தக் கேள்விக்கு அவன் பதில் எழுத வேண்டியிருக்கிறது. 'தலை மட்டும்' என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டான். "லாஜிக்கலா பார்த்தா வேற ஆப்ஷனே இல்லடா" என்றான். அதோடு, செங்கல்பட்டில் இருக்கும் அவன் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டினான். தலையில் கட்டினான் என்று யோசிக்காமலே எழுதுகிறேன் பாருங்கள், நம் மொழியில் பொறுப்பு வந்து உட்காரும் இடம்கூடத் தலைதான். தலைவன், தலைமை, தலைநகர், தலையெழுத்து. எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.

இவனுக்கு இந்த யோசனை வந்த வழி எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் அவன் அப்பா செங்கல்பட்டு வீட்டில் தவறிப்போனார். தகவல் போய், டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி அவன் வந்து சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை அப்பா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடி மூடி, ஓரத்தில் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரஸர், கரன்ட் போனால் என்ன செய்வது என்று தெருமுனையில் ஜெனரேட்டருக்குச் சொல்லிவைத்திருந்தது. கிரையோனிக்ஸ் என்று சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் ஒரு மகனுடைய விமானத்துக்காக ஓர் உடலைக் குளிரில் காக்கவைப்பது இங்கே போன் பண்ணினால் வண்டியில் வந்திறங்கும் சேவை. திரவ நைட்ரஜனும் அந்நியமில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் கேனில் இருப்பது அதேதான். மூடியைத் திறந்தால் புகை வரும். அந்தப் புகைக்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுப்பார். அதற்குள் உறைந்திருக்கும் விந்து, எப்போதோ சேகரித்தது, கன்றாகிறது.

விந்தும் கருவும் தாங்குகிற குளிரை மூளை தாங்குமா என்பது வேறு விஷயம். உயிரணுவுக்குள் தண்ணீர் பனிக்கட்டியானால் அதன் கூர்முனைகள் சவ்வுகளைக் கிழித்துவிடும். அதனால் இரத்தத்தை வெளியேற்றி, உறைதடுப்பு திரவத்தைச் செலுத்தி, பனி உருவாகாமல் கண்ணாடிபோல் இறுகவைக்கிறார்கள். அப்படியும் அந்தக் குளிரில் திசுக்களில் விரிசல் விழுகிறது, அந்தத் திரவத்துக்கே நச்சுத்தன்மை உண்டு. 2023இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை இப்படிக் கண்ணாடியாக்கி, நூறு நாள் வரை வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைக் கொண்டு சீராகச் சூடேற்றி, வேறு எலிக்குப் பொருத்தினார்கள். அது வேலை செய்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது ஒரு சிறுநீரகம், அதுவும் எலியுடையது. முழுப் பாலூட்டி ஒன்றை அந்தக் குளிருக்குக் கொண்டுபோய் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தவர் யாருமில்லை. எனக்கு இதில் நம்பிக்கை மிகக் குறைவு. நண்பனுக்கும் அப்படியொன்றும் நிறைய இல்லை. "ரெண்டு பர்சென்ட் சான்ஸ்னாலும், எரிச்சா ஜீரோ பர்சென்ட்தானே" என்கிறான். இந்த வாதத்தை உடைப்பது நினைப்பதைவிடக் கடினம், அதனால் ஏற்றுக்கொண்டு மேலே போகிறேன். நடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எதை வைத்துக்கொள்வது?

*

முதலில் உறையவைக்கப்பட்டவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர், 1967 ஜனவரி 12 அன்று, முழு உடலாக. தலையை மட்டும் வைப்பது 1976இல் ஆல்கோரில் தொடங்கியது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரெட் சேம்பர்லெய்னின் அப்பாதான் அப்படி வைக்கப்பட்ட முதல் ஆள். இதிலும் ஒரு மகன், ஓர் அப்பா.

தலைக்காரர்களின் தர்க்கம் எளிது. நினைவு, குணம், மொழி, யாரைப் பார்த்தால் முகம் மலரும் என்பது எல்லாம் மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளில் இருக்கிறது. செத்த மூளையை அணு அணுவாகச் சரிசெய்யத் தெரிந்த ஒரு காலத்துக்கு, கழுத்துக்குக் கீழே ஓர் உடம்பை வளர்த்துக் கொடுப்பது சின்ன வேலை. எண்பது வயதில் சாகிறவருக்கு அந்தப் பழைய உடம்பு எதற்கு? மேலும் தலையை மட்டும் என்றால் உறைதடுப்பு திரவம் மூளைக்குச் சீராகப் போவதில் முழுக் கவனத்தையும் வைக்கலாம். இடம் குறைவு, நைட்ரஜன் குறைவு, ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். இந்தக் கடைசிக் காரணம் விளையாட்டல்ல. 1979இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில், நிலத்தடி அறையில் வைத்திருந்த உடல்கள் பணம் தீர்ந்து, நைட்ரஜன் தீர்ந்து, உருகி அழுகிக் கிடந்தது வெளியே தெரிந்தது. சொந்தக்காரர்கள் கட்டணம் கட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். முழு உடலை வைத்திருக்கும் இடங்களிலும் உடலைத் தலைகீழாகத்தான் நிறுத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கலத்தில் நைட்ரஜன் குறைந்தால் முதலில் உருகுவது மேலே இருக்கும் பாதம், தலை கடைசியில். முழு உடலை எடுத்துக்கொள்கிறவர்களும் மனசுக்குள் தலைக்காரர்கள்தான்.

நாமும்தான். இதை நான் அரிசோனாவைப் பார்த்துச் சொல்லவில்லை, திருக்கழுக்குன்றத்தைப் பார்த்துச் சொல்கிறேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வரும் ஊர். அங்கே மருத்துவத் தம்பதி ஒருவருக்கு மகன் ஹிதேந்திரன், வயது பதினைந்து. 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்து. சென்னை மருத்துவமனையில் மூளைச்சாவு என்று முடிவானது. இதயம் துடித்துக்கொண்டிருந்தது, உடம்பில் சூடு இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீஸ் வழி ஒதுக்கிக்கொடுக்க, அந்த இதயம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குள் துடித்தது. அந்த வருடம்தான் தமிழ்நாட்டு அரசு மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கான திட்டத்தை முறைப்படுத்திக்கொண்டிருந்தது. ஹிதேந்திரனுக்குப் பிறகு சாதாரணக் குடும்பங்கள் அதை ஏற்கத் தொடங்கின. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது.

1994இன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதா என்று நான்கு மருத்துவர்கள், ஆறு மணிநேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு உடம்பு சூடாக இருந்தாலும் ஆள் இல்லை. இதை நாம் ஏற்றுக்கொண்டோம். எந்தத் தத்துவ விவாதமும் நடத்தாமல், ஒரு அம்மாவும் அப்பாவும் போட்ட கையெழுத்தின் பின்னால் போய் ஏற்றுக்கொண்டோம். அப்படியென்றால் நண்பன் சொல்வதும் இதே வாக்கியத்தின் மறுபக்கம்தானே? மூளை போனால் ஆள் போயிற்று என்றால், மூளை இருந்தால் ஆள் இருக்கிறது.

இந்தச் சமன்பாட்டில் வெகுநாள் நின்றுகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கொள்கை. ஆனால் செயலில் நேரெதிர். உறுப்பு தானம் செய்பவரிடம் மூளைதான் அழிந்தது, உடம்பு பிறருக்குப் போகிறது. தலையை வைப்பவரிடம் மூளையை அவரே வைத்துக்கொள்கிறார், உடம்பு வழக்கமாக எரிக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யவும் ஏறக்குறைய முடியாது. மூளைச்சாவு சான்றுக்காகக் காத்திருக்கும் மணிநேரங்களில் சூடான உடம்புக்குள் மூளை குலைந்துகொண்டிருக்கும், கிரையோனிக்ஸுக்கு அதைவிட மோசமான சாவு இல்லை. இதயம் நின்ற நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும் என்பார்கள். அப்படிக் கொண்டுபோகும் உடலிலிருந்து மாற்றுக்கு உறுப்பு எடுக்க நேரமில்லை. ஆக தலையா உடம்பா என்று கேட்பது, எந்தத் துண்டில் நான் இருக்கிறேன் என்று மட்டும் கேட்பதல்ல. எந்தத் துண்டு யாருக்கு என்றும் கேட்பதுதான். நண்பனின் எக்ஸெல் ஷீட்டில் அந்தக் கட்டம் இல்லை.

*

தலையைத் தனியாக எடுத்து வைப்பதில் நம் மண்ணுக்கு அனுபவம் அதிகம். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களில் சின்னதாக, குடிசைபோல இருக்கிறதே, திரௌபதி ரதம் என்று பெயர் சொல்வார்கள், அதற்குள் எட்டிப் பார்த்தால் பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் மண்டியிட்ட ஒருவன் ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மறு கையிலுள்ள கத்தியைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். வராக மண்டபத்திலும் இதே காட்சி உண்டு. பள்ளிச் சுற்றுலாக்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடும், இதைக் காட்டிச் சொல்லும் வழிகாட்டிகள் குறைவு. அவனுக்கும் தலைதான் மதிப்புள்ள பகுதி, அதனால்தான் அதைக் கொடுக்கிறான். இன்னொருவன் வைத்துக்கொண்டவன், அரவான். களப்பலியான பிறகும் பாரதப் போர் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று வரம் கேட்டு, வெட்டுண்ட தலையாக இருந்து பார்த்தவன். தொண்டைமண்டலத்துத் தெருக்கூத்தில் அரவான் களப்பலி விடியும்வரை நடக்கும். தலை மட்டும் பாதுகாக்கப்பட்ட ஒருவனுக்கு நம் கதை கொடுத்தது பார்வையை மட்டும். அவனால் ஓர் அம்பை எடுக்க முடியவில்லை. கூவாகத்தில் சித்திரை மாதம் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிற திருநங்கைகள் அழுவது, எங்கோ விழித்துக்கொண்டிருக்கும் அந்தத் தலையை நினைத்து ஆறுதல் கொண்டல்ல.

மூன்றாவது கதைதான் என்னைத் தொந்தரவு செய்வது. பரசுராமன் அப்பாவின் சொல்கேட்டு அம்மா ரேணுகையை வெட்டுகிறான். திரும்ப உயிர்கொடுக்கும் அவசரத்தில் அவள் தலையைச் சேரிப் பெண் ஒருத்தியின் உடம்போடு சேர்த்துவிடுகிறான். பல ஊர்களில் பல மாதிரிச் சொல்வார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து, சண்டாளச்சி என்று அவர்கள் சொல்லும் அந்த உடம்பின் மேல் பொருத்தப்படும். பெருங்கூட்டம் கூடும். பிறகு சிரசைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கதையின்படி அங்கே உயிரோடு எழுவது ரேணுகை. தலை யாருடையதோ அவர்தான் ஆள். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் இதே மாதிரி தலை மாறிய கதையைச் சொல்லிக் கேட்கும்போதும் அதே பதில்தான், கிரீஷ் கர்னாடின் 'ஹயவதனா' அந்தப் பதிலை வைத்துத்தான் தொடங்குகிறது. சரி, அந்த இன்னொரு பெண் எங்கே போனாள்? அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. உடம்பு அவளுடையது, கர்ப்பூரம் இன்னொருத்திக்கு.

நரம்பியல் ஒரு சாதி ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. அது அபத்தம். மூளைக்கு அடிபட்டால் ஆள் மாறுகிறார், கால் போனால் மாறுவதில்லை, இது உண்மை. ஆனால் தலையில்தான் ஆள் இருக்கிறார், மற்றதெல்லாம் சுமந்து திரியும் வண்டி என்று ஒருவர் சுலபமாகச் சொல்லும்போது நான் கொஞ்சம் நின்று கவனிப்பேன். தலையிலிருந்து பிறந்தவர், காலிலிருந்து பிறந்தவர் என்று பிரித்து வைத்திருந்த நாடு இது. உடம்பைத் தாழ்வாக நினைப்பதும், உடம்பால் உழைப்பவரைத் தாழ்வாக நினைப்பதும் இங்கே ஒரே வீட்டில் வளர்ந்தவை. நானும் நண்பனும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள். எங்களுக்கு உடம்பு என்பது முதுகுவலி வந்தால் நினைவுக்கு வரும் பொருள். தலை போதும் என்ற முடிவு எங்களுக்கு எளிதாக வருவதில் ஆச்சரியமில்லை.

மாமல்லபுரத்துக் கல்பட்டறையில் போய்ப் பாருங்கள். உளி பிடித்த கை, கல்லின் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. அந்த அறிவு கையில் இல்லை, சிறுமூளையிலும் பெருமூளையின் இயக்கப் பகுதியிலும் இருக்கிறது என்று நண்பன் உடனே சொல்வான். ஒப்புக்கொள்கிறேன், கை வெட்டுப்பட்டவருக்கும் இல்லாத கை வலிக்கிறது. ஆனால் அந்த மூளைக்குள் இருப்பது பொதுவான செதுக்கும் கலை இல்லை. இந்த நீளக் கை, இந்தக் காய்ப்பு, இந்தத் தோளின் பழைய வலி எல்லாவற்றுக்கும் முப்பது வருடம் அளவு எடுத்துத் தைத்த சட்டை. இருபது வயதுப் புது உடம்பை அதன் கீழே மாட்டினால் அவர் உளியை எடுத்த முதல் நாள் விரலில்தான் அடித்துக்கொள்வார். திரும்பக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். குடலில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. 2013இல் டால் ஷோம்ராட், மைக்கேல் லெவின் என்ற இருவர், பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு ஒரு சொரசொரப்பான தரையைப் பழக்கிவிட்டுத் தலையை வெட்டினார்கள். வாலிலிருந்து புதுத் தலை முளைத்த பிறகு, கொஞ்சம் நினைவூட்டியதும் அது பழக்கமில்லாத புழுக்களைவிடச் சீக்கிரம் அந்த இடத்தில் தேறியது. தலை போயும் ஏதோ ஒன்று உடம்பில் தங்கியிருந்தது. நாம் பிளனேரியா இல்லைதான். என்றாலும், 'எல்லாமே தலையில்' என்று தொண்ணூற்றொன்பது சதவீதம் உறுதியோடு சொல்கிறவர், மிச்சம் ஒரு சதவீதத்தில் எது இருக்கிறது என்று தெரியாமல்தான் சொல்கிறார்.

தலையோடு இந்தத் தர்க்கம் நிற்பதுமில்லை. 2018இல் ஒரு பன்றியின் மூளையை, இணைப்புகள் எல்லாம் மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குப் பாதுகாத்துக் காட்டியதற்காக ராபர்ட் மெக்கின்டயர் குழுவுக்குப் பரிசு கிடைத்தது. கொடுத்தது பிரெய்ன் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன். அவர்கள் செய்தது, குளிர்விக்கும் முன்பே குளூட்டரால்டிஹைடு செலுத்தி மூளையை ரசாயனமாக இறுக்கிவிட்டது. அந்த மூளை எந்நாளும் உயிர் பெறாது. ஆனால் அதிலுள்ள தகவல் கலையவில்லை, பிற்காலத்தில் ஸ்கேன் செய்து கணினியில் ஓட்டலாம் என்கிறார்கள். உடம்பு தேவையில்லை, தலை போதும் என்று தொடங்கினால் அடுத்த படி, தலைகூடத் தேவையில்லை, வரைபடம் போதும் என்பதுதான். நண்பன் இங்கே தயங்குகிறான். "அது நான் இல்லடா, என்னோட காப்பி" என்றான். ஏன் இல்லை என்று கேட்டேன். தகவல்தானே நீ என்றாய்? கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, பேக்கப் எடுத்ததை மட்டும் வைத்து யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டோம், ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தால்தான் அது பேக்கப். இதில் ரீஸ்டோர் பண்ணி எழுந்து உட்காரும் ஆள் 'நான்தான் வந்திருக்கிறேன்' என்று எப்படியும் சொல்வார், காப்பியாக இருந்தாலும் சொல்வார். சோதிக்க வழியே இல்லாத ரீஸ்டோர். அந்தத் தயக்கத்தில் அவனிடம் ஒட்டிக்கொண்டிருப்பது கழுத்துக்கு மேலேயுள்ள உடம்பு. உடம்பே வேண்டாம் என்பவனுக்கும் கொஞ்சம் உடம்பு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் முழு உடல்தான் சரியா? நான் அந்தப் பக்கமும் போகவில்லை. முழு உடலை எடுத்துக்கொள்பவர் யாருக்கும் எதையும் விடுவதில்லை. எரிக்க ஒன்றுமில்லை, புதைக்க ஒன்றுமில்லை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் மேசைக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. அதோடு அவர் கேட்பது காலத்தை. நூறு வருடமோ முந்நூறு வருடமோ, யாரோ ஒருவர் விடாமல் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்த இரவுக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் சாய்ந்த மரங்களையும் உடைந்த படகுகளையும் பார்த்தவர்களுக்கு, ஒரு கலத்தை இடைவெளியில்லாமல் பார்த்துக்கொள்வது என்ற சொல்லின் கனம் புரியும். கடற்கரைக் கோவில் கருங்கல். அதற்கே உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வைத்து, அலைக்குப் பாறை கொட்டித் தொல்லியல் துறை பாடுபடுகிறது, அப்படியும் சிற்பங்களின் முகம் கரைந்துவிட்டது. உடலைக் கேட்பவரோ தலையைக் கேட்பவரோ, தனக்கு அறிமுகமில்லாத பேரப்பிள்ளைகளின் தலைமுறைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். தலை கேட்பவர் கொடுக்கும் வேலை குறைவு. இந்தக் கணக்கில் மட்டும் நான் நண்பன் பக்கம்.

நடைமுறையில் அவன் இங்கே வந்திருக்கும்போது இறந்தால் இரண்டுமே கஷ்டம். உடலை விமானத்தில் ஏற்ற எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள், அதாவது ஃபார்மலின். தலையை மட்டும் பிரித்துத் தாருங்கள் என்று எந்த மருத்துவமனையில் கேட்பது? உறுப்பு மாற்றுச் சட்டம் சிகிச்சைக்காக எழுதப்பட்டது, உடற்கூறியல் சட்டம் மாணவர் படிப்புக்காக. அவன் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொள்வதைப் பற்றிக்கூடப் பேசினான். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. சாவுக்குப் பிந்தைய ஏற்பாடு சாவுக்கு முந்தைய நாட்களைத் தின்னத் தொடங்குவது இப்படித்தான். 2016இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன்னை உறையவைக்க அனுமதி கேட்டு வென்றாள். அவள் இறந்த பிறகு வெளியான தீர்ப்பில், அந்தக் கடைசி நாளில் அம்மாவின் கவனமெல்லாம் உறையவைக்கும் ஏற்பாட்டில் இருந்து, மகளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்று மருத்துவமனை வருந்தியதும் பதிவாகியிருக்கிறது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அறுபத்து மூன்று வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விளக்கினால் புரிந்துகொள்கிறவர். பொறுமையாகக் கேட்டார். உறைதடுப்பு திரவத்தைப் பற்றிக்கூட ஒரு கேள்வி கேட்டார். அழுவார் என்று பயந்தேன், அழவில்லை.

"தலைய அவங்க வச்சுப்பாங்க. சரி. உடம்ப?"

"எரிச்சிருவாங்கம்மா. சாம்பல வீட்டுக்கு அனுப்பலாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். நான் மனசுக்குள் ஒரு வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். முழு உடல் என்றால் உங்களுக்கு ஒன்றுமே வராது, தலை என்றால் மிச்சமாவது குடும்பத்துக்கு வரும், ஆகவே இதுதான் உங்கள் பக்கத்துக்கு நியாயமானது என்று. சொல்லவும் சொன்னேன்.

"அது இல்லப்பா. வாய்க்கரிசி எங்க போடறது?"

எனக்குப் பதில் வரவில்லை.

"நான் முன்னாடி போயிடுவேன், அத விடு. எனக்கு அவன் வந்து போடுவான். அவனுக்கு அந்தப் பொண்ணு போடணும்ல. அவ அப்பா மொகத்த ஒருவாட்டி பார்த்துட்டுப் போடணும்ல. அவரு போனப்ப இவன் வந்து பெட்டி மூடியத் தொறக்கச் சொல்லி, கன்னத்தத் தொட்டுட்டு எப்படி அழுதான்னு நீயும்தான பார்த்த? அதுக்குத்தான ஒன்ற நாள் வச்சிருந்தோம்."

தலை, உடம்பு என்று நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் பிரித்துக்கொண்டிருந்தோம். முகம் என்று ஒன்று இருப்பது எங்கள் பேச்சில் வரவே இல்லை. அது மூளையைப்போல உள்ளே இல்லை, உறுப்பைப்போல இன்னொருவருக்குப் பொருத்துவதற்கும் இல்லை. இருப்பவரைவிடப் பார்ப்பவருக்குத்தான் அது அதிகம் சொந்தம். தலையை வைத்தாலும் முழு உடலை வைத்தாலும், இதயம் நின்ற நிமிடத்தில் முதலில் எடுத்துக்கொண்டு போகப்படுவது அதுதான். உறுப்பு தானத்தில் அது வீட்டுக்குத் திரும்பி வருகிறது. திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பையனின் முகம் திரும்பி வந்தது.

அன்று இரவு நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எது சரி என்று நான் நினைக்கிறேன் என்று கேட்டான். முடிவு உன்னுடையது, ஆனால் என் கணக்கில் இரண்டில் ஒன்றுதான் என்றால் தலை, ஏனென்றால் அது குறைவாகக் கேட்கிறது, இரண்டும் வேண்டாம் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம் என்றேன். எது ஆனாலும், குளிர்விக்கத் தொடங்கும் முன்பு மகள் அவனைப் பார்க்க எத்தனை நிமிடம் தருவார்கள் என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம் என்றான். தெரியும் என்றேன். எவ்வளவு நிமிடம் நஷ்டப்பட அவன் தயார் என்பதை அவன்தான் எழுத வேண்டும்.

அம்மா மறுநாள் காலை எனக்கு போன் செய்தார். அவனிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொன்னார். சாம்பல் தபாலில் வருமா, யாராவது கையில் கொண்டுவருவார்களா என்று. அப்பாவுடையதை மாமல்லபுரத்தில் கரைத்த இடம் தனக்கு அடையாளம் தெரியும், தான் இருக்கும்போதே பேத்தியை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிட வேண்டும் என்றார்.